கனிஷ்கா அழவில்லை

மார்ச் 4, திங்கள்

இந்த டைரி, இவர் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கம்பெனியில் புதுவருஷத்துக்குக் கொடுத்தது. இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எழுத ஆரம்பித்துவிட்டேன். எங்காவது கொட்டாவிட்டால் கையில் கிடைத்த பாத்திரத்தைப் போட்டு உடைத்துவிடுவேன் போலிருக்கிறது.

காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து போன். கனிஷ்காவுக்குக் கண் சிவந்திருக்கிறதாம், மெட்ராஸ் ஐயாக இருக்குமாம், மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமாம், உடனே வந்து கூட்டிப்போக வேண்டுமாம். கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கிவைத்துவிட்டு ஓடினேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுல ஏதும் பிரச்சினையா மேடம்? கொஞ்ச நாளாவே அழுத முகமாத்தான் வர்றா" என்றார்.

"அவ அழலைங்க," என்றேன்.

"சின்னப் பிள்ளைங்க மனசுக்குள்ள வச்சுக்கிட்டு வெளிய சொல்லாதுங்க," என்றார்.

தெருவுக்குள் நுழைந்தால் எதிர்வீட்டு ஈஸ்வரி வாசலில் நிற்கிறாள். "என்ன, பிள்ள கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு? அழுதுச்சாக்கும்?"

எனக்கு முப்பத்தெட்டு வயது. இந்தத் தை மாதம்தான் ஜெயபாண்டியைக் கட்டிக்கொண்டு போடிக்கு வந்தேன். எனக்கு முதல் கல்யாணம், இவருக்கு இரண்டாவது. கனிஷ்கா இவருடைய மகள், ஒன்பது வயது. அவளைப் பெற்ற மாலதி மஞ்சள் காமாலையில் இறந்து நாலு வருஷம் ஆகிறது. இரண்டாம் தாரம் என்றால் கையில் பழுக்கக் காய்ச்சிய கரண்டி இருக்கும் என்று இந்தத் தெருவில் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கண் அதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 5

நாகஜோதி மதினி விடிந்ததும் வந்துவிட்டார். இவருடைய அக்கா, இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். பிள்ளை இல்லை. மாலதி போனபிறகு கனிஷ்காவை வளர்த்தது மதினிதான். கையில் நந்தியாவட்டைப் பூ, ஒரு கிண்ணத்தில் விளக்கெண்ணெய்.

"இது சூட்டுக் கண்ணு. வருசா வருசம் மாசி பங்குனியில வரும். உனக்குத் தெரியாது. நீ விடு, நான் பாத்துக்கிறேன்."

விட்டேன். எனக்கென்ன. அவர் வளர்த்த பிள்ளை, அவருக்குத் தெரிந்த கண்.

மத்தியானம் பூரிக்கு மாவு பிசைந்தேன். அவளுக்குப் பூரி பிடிக்கும் என்று இவர் சொல்லியிருந்தார். அவள் மதினி வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டாள். பூரி ஆறி அப்பளமாகிவிட்டது.

மார்ச் 9, சனி

கனிஷ்கா கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். நான் அடுக்களையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று பார்க்கவில்லை. வெங்காயம் உரிக்கும்போது வேறெங்கே பார்ப்பது.

அவள் அழவில்லை. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். இரண்டு கை முட்டியையும் கண்ணில் வைத்துக் கசக்குகிறாள். கசக்கும்போது வாய் லேசாகத் திறந்துகொள்கிறது, முகத்தில் அப்படியொரு சுகம். படை வந்தவன் சொறிவான் பாருங்கள், அந்தச் சுகம். நிறுத்தியதும் கண்ணிலிருந்து தண்ணீராய்க் கொட்டுகிறது. வாசல் கதவைத் திறந்தால் வெளிச்சம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். காலையில் இமையோரத்திலிருந்து வெள்ளையாக நூல் மாதிரி எதையோ இழுத்துப் போட்டதையும் பார்த்தேன்.

மெட்ராஸ் ஐ எனக்கு வந்திருக்கிறது. ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகும். இது அவளை விட்டு நகரவில்லை.

"கண்ணு வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க."

"அரிக்குதா?"

கொஞ்சம் யோசித்தாள். இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "ரொம்ப," என்றாள்.

ராத்திரி இவரிடம், தேனிக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். "அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பாத்துக்கலாம்," என்றார். இந்த 'பாத்துக்கலாம்' என்ற வார்த்தையைப் பெருக்கி வெளியே தள்ளினாலே இந்த வீட்டுப் பாதி நோய் போய்விடும்.

மார்ச் 11

ஒருநாள் மதினி வீட்டில் இருந்துவிட்டு வந்தாள். கண் பளிச்சென்று இருக்கிறது. "பாத்தியா?" என்றார் மதினி. பார்த்தேன்.

மார்ச் 19

மறுபடி சிவப்பு. தெருவெல்லாம் இலவம்பஞ்சு பறக்கிறது. தோட்டத்துப் பக்கம் காய் வெடிக்கிற காலமாம். நான் துவைத்துப் போட்ட கறுப்புப் புடவையில் பஞ்சு. மாவுச் சட்டியில் பஞ்சு. அவள் புருவத்தில்கூட.

கணக்குப் பரீட்சையில் கரும்பலகையைப் பார்த்து எழுத முடியவில்லை என்று கேள்வியையே தப்பாக எழுதிவந்திருக்கிறாள். நான் இவரிடம் கேட்கவில்லை, சொன்னேன். சனிக்கிழமை போகிறோம் என்று.

மார்ச் 23, சனி

தேனி போய்வந்தோம். நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு மதினியிடம் சொல்லும்போது ஆத்திரத்தில் எதையாவது விட்டுவிடுவேன்.

டாக்டர் பர்வீன் என்று சின்ன வயதுப் பெண். கனிஷ்காவின் மேலிமையில் ஒரு குச்சியை வைத்துப் பட்டென்று திருப்பிப் போட்டார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவளோ அசையவில்லை. "அம்மா, நீங்க வந்து பாருங்க," என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டார். இமையின் உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பருக்களாய், வேகவைத்த ஜவ்வரிசியை நெருக்கி ஒட்டியதுபோல் இருந்தது.

"சிமிட்டுறப்பெல்லாம் இது கருவிழி மேல உரசுது. எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க," என்றார். "இது அலர்ஜி. தூசி, மகரந்தம், வெயில், காத்து, எதுன்னு ஒண்ணைக் கைகாட்டிச் சொல்ல முடியாது. இந்த வயசுப் பிள்ளைகளுக்கு வரும், பையன்களுக்குத்தான் அதிகம். வெயில் காலத்துல ஏறும். யாருக்கும் ஒட்டாது. வளர வளரப் பெரும்பாலும் தானா அடங்கிடும். அடங்குற வரைக்கும் கண்ணைக் காப்பாத்தி வைக்கிறதுதான் நம்ம வேலை."

ஒட்டாது என்பதைப் பள்ளிக்கூடத்துக்கு எழுதித் தரச் சொன்னேன். முடிந்தால் எங்கள் தெருவுக்கும் ஒன்று.

அதற்குப் பிறகு கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள். டாக்டர் முகம் மாறியது. மறுபடியும் பார்த்தார்.

"என்ன சொட்டு மருந்து போட்டுட்டு இருக்கீங்க?"

"ஒண்ணும் போடலைங்க. விளக்கெண்ணெய்தான்."

"எண்ணெய்க்கு இப்படி ஏறாது."

கனிஷ்காதான் சொன்னாள்: "அத்தை போடுவாங்க. வெள்ளை மூடி போட்டது. போட்டா அரிப்பு உடனே போயிரும்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் திரும்பினார். "அது முன்னாடி ஒரு டாக்டர் எழுதிக் குடுத்ததுங்க. தீர்ந்தா அக்கா மெடிக்கல்ல வாங்கிப் போடும்."

"எத்தனை வருஷமா?"

"மூணு... நாலு இருக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், அது ஸ்டீராய்டு. அவங்க ஒரு வாரத்துக்கு எழுதியிருப்பாங்க. போட்ட மறுநாளே கண்ணு வெள்ளையாயிடும், எல்லாருக்கும் சந்தோஷமா இருக்கும். உள்ள அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னும். வலிக்காது. சிவக்காது. பிள்ளைக்கே தெரியாது. ஓரத்துப் பார்வையிலேர்ந்து போகும். போனது திரும்ப வராது."

இடது கண் நரம்பில் சேதம் லேசாக ஆரம்பித்திருக்கிறது. வலது கண் தப்பித்தது.

அந்த மருந்தை உடனே நிறுத்தச் சொல்லி, அலர்ஜிக்கு ஒரு சொட்டு மருந்து, இரவில் ஒரு களிம்பு, அழுத்தம் குறைய இன்னொரு சொட்டு மருந்து எழுதினார். குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்து ஒற்ற வேண்டும். வெயிலில் தொப்பி, கண்ணாடி. கசக்கவே கூடாது. "புது மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும். முதல்ல இன்னும் மோசமாத் தெரியும். பயந்து பழசுக்குப் போயிடாதீங்க."

பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் தூங்கிவிட்டாள். இவர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு போடி வரும்வரை திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் பஸ் என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

மார்ச் 24

மதினியிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன். டாக்டர் வரைந்து காட்டிய படத்தையும் காட்டினேன்.

"அது ஒரு டாக்டர் எழுதுன மருந்துதான? நான் என்ன கள்ளிப்பாலையா ஊத்துனேன்?" என்றார். "நாலு வருசம் என் கையில இருந்த பிள்ள. நீ வந்து இன்னும் கல்யாணச் சீரு பாத்திரம்கூட கழுவி வைக்கல, எனக்குக் கண்ணு பாக்கச் சொல்லித் தர்ற."

இவர் நடுவில் உட்கார்ந்து காபி குடித்தார்.

மார்ச் 31

வேலைக்கு முடிவில்லை. தலையணை உறைகளை வெந்நீரில் போட்டு எடுத்தேன். அவள் மெத்தைக்கு இறுக்கமாய் உறை தைத்து மாட்டினேன். சாம்பிராணி கிடையாது, ஊதுபத்தி கிடையாது. சாமி கோபித்தால் தேனிக்கு வரட்டும். வீட்டைக் கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கிறேன். முதுகு விட்டுப்போகிறது. இதெல்லாம் நான் செய்வது அந்தப் பெண்ணுக்காக என்று யாரும் நினைக்க வேண்டாம். நாளைக்கு ஒன்று ஆனால் தெரு என்னைத்தானே சொல்லும்.

டாக்டர் சொன்னபடியே கண் முன்னைவிட மோசமாகிவிட்டது. "கண்ணு தெறக்க முடியலைங்க," என்று காலையில் வந்து நின்றாள். ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

ஏப்ரல் 6

ஈஸ்வரி வாசலில் நின்று மதினியிடம் பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது. "ஒன்கிட்ட இருந்தப்ப பிள்ள கண்ணு கண்ணாடியா இருந்துச்சு."

மதினி தலையை ஆட்டிக்கொண்டே தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.

திண்டுக்கல்லிலிருந்து அண்ணன் பேசினான். "முடியலேன்னா கொஞ்ச நாள் இங்க வந்து இரு, சுகந்தி." வருகிறேன், பதினெட்டாம் தேதி டாக்டரிடம் போகவேண்டியிருக்கிறது, முடிந்ததும் வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 10

அரிப்புத் தாங்காமல் தூக்கத்தில் கசக்குகிறாள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்தேன். இடது தோள் இப்போது தூக்க வரவில்லை.

ஏப்ரல் 13

பதினெட்டு வரை காத்திருக்க முடியவில்லை. வலது கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள், இன்று உண்மையாகவே அழுதாள். ஆட்டோ பிடித்து நேரே தேனிக்கு. இமையில் இருந்த பருக்கள் உரசி உரசிக் கருவிழி மேல் புண் வந்துவிட்டதாம். நல்லவேளை உடனே வந்தீர்கள் என்றார் டாக்டர்.

இனிமேல்தான் விளையாட்டே. புண்ணும் வீக்கமும் ஆற டாக்டரே ஒரு ஸ்டீராய்டு சொட்டு எழுதினார். "இது லேசானது. கொஞ்ச நாளைக்குத்தான். வாராவாரம் அழுத்தம் பார்த்துக் குறைச்சு நிறுத்திடுவேன். என்னைக் கேக்காம ஒரு சொட்டு கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் மதினி சீட்டை வாங்கி மெடிக்கல்காரரிடம் போனில் படித்துக் காட்டினார். எனக்கு அப்போதே தெரியும் என்ன வரப்போகிறது என்று.

"இதுவும் அந்த வகைதானாம்ல. இதத்தான நான் நாலு வருசமாப் போட்டேன்? ஒன் டாக்டரும் கடைசியில என் மருந்துக்குத்தான வந்தா?"

கத்தியால் காய்கறியும் நறுக்கலாம் விரலையும் நறுக்கலாம், மதினி, என்று விளக்கினேன். அளவு என்றேன், அழுத்தம் பார்ப்பது என்றேன். சுவரிடம் சொல்லியிருந்தால் சுண்ணாம்பாவது உதிர்ந்திருக்கும்.

ஏப்ரல் 27

புண் ஆறிவிட்டது. சொட்டைக் குறைத்தாயிற்று. அழுத்தம் சரியாக இருக்கிறது. அண்ணன் மறுபடி பேசினான். மே மூன்றாம் தேதி ஒரு பரிசோதனை இருக்கிறது, அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

மே 3

டாக்டர் ஸ்டீராய்டை முழுவதும் நிறுத்திவிட்டார். இனி அலர்ஜி சொட்டும் களிம்பும் அழுத்த மருந்தும் மட்டும். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் கறுப்புக் கண்ணாடி வாங்கினோம். பெரிய மனுஷி மாதிரி இருக்கிறாள். "நல்லாருக்குங்களா?" என்று கேட்டாள். பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கிறது என்றேன். சிரித்தாள். பல் ஒன்று புதிதாக முளைக்கிறது.

மே 12

கோடை விடுமுறை. பகல் முழுக்க மதினி வீட்டில் டிவி. கண் அருமையாக இருக்கிறது. கத்திரி வெயிலில்கூடச் சிவப்பில்லை, கசக்கல் இல்லை. ஈஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மருந்துன்னா இது மருந்து," என்றேன். சின்னப்பிள்ளைத்தனம்தான். இருக்கட்டும்.

மே 17, வெள்ளி

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வெள்ளைக் கண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள் என்று டாக்டர் அத்தனை தெளிவாகச் சொல்லியிருந்தார். நானும் சந்தோஷப்பட்டேன்.

அழுத்தம் மறுபடி ஏறியிருக்கிறது. முதல்முறை இருந்த அளவுக்கு. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அம்மா, உண்மையைச் சொல்லுங்க. நான் நிறுத்தச் சொன்னதை நீங்க நிறுத்தலை."

"நிறுத்திட்டேன் டாக்டர்."

"அப்ப இது எப்படி?"

கனிஷ்கா தரையைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டருக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது. அதை மீட்க நான் அங்கேயே ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இனிமே நடக்காதுங்க," என்று மட்டும் சொன்னேன். பிள்ளை முன்னால் அவள் அத்தையை எப்படிச் சொல்வது.

பஸ்ஸில் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே, போடி நெருங்கும்போது, "அத்தை பாவம்ங்க," என்றாள்.

மே 18

மதினி வீட்டுக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அந்த மருந்தை எடுங்க," என்றேன்.

"எந்த மருந்து?"

கையை நீட்டினேன். முறம் நின்றது. எழுந்து போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து வெள்ளை மூடிச் சொட்டு மருந்தை எடுத்து வந்து என் கையில் போட்டார். பாதி காலி.

நான் என்னென்ன பேசினேன் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கு நானே படிக்க வேண்டியிருக்கும். பேசி முடித்தபோது மூச்சு வாங்கியது.

மதினி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "மாலதி தவறுன வருசம் இவ பகல்ல அம்மாவக் கேட்டு அழுவா. ராத்திரி கண்ணு அரிச்சு அழுவா," என்றார். "பகல் அழுகைக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. ராத்திரி அழுகைக்கு இது இருந்துச்சு. ஒரு சொட்டு, பிள்ள தூங்கிரும். நீ என்ன செஞ்சிருப்ப?"

இதையேதான் செய்திருப்பேன். அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. "வெள்ளிக்கிழமை நீங்களும் தேனிக்கு வர்றீங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 24, வெள்ளி

மூன்று பேருமாகப் போனோம். மதினி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார், கல்யாணத்துக்குப் போவதுபோல. டாக்டரிடம், "இவுக என் மதினி. இவுகளுக்கும் சொல்லுங்க," என்றேன். டாக்டர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். போன வாரம் வைத்த சந்தேகத்தை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

கம்ப்யூட்டரில் இரண்டு கண் நரம்பின் படத்தையும் காட்டினார். வலது கண்ணில் எல்லோருக்கும் இருக்கிற சின்ன வெளிறிய குழிதான். இடது கண்ணில் அதைவிடப் பெரியது. "இது இப்படியே பெருசானா, நேரா இருக்கிறது தெரியும், பக்கத்துல வர்ற வண்டி தெரியாது," என்றார்.

மதினி வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "இந்தப் பெரிய பள்ளம் நான் போட்டதா?" என்று கேட்டார்.

டாக்டர் நாற்காலியை மதினி பக்கம் திருப்பினார். "மருந்து போட்டதும்மா," என்றார். "இதோட நின்னுட்டா பிள்ளை நல்லா இருப்பா. நிக்க வைக்கிறது உங்க ரெண்டு பேர் கையில இருக்கு."

போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மதினி விறுவிறுவென்று நடந்தார். வீட்டுப் பக்கம் அல்ல, மெடிக்கலுக்கு. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கடை முன்னால் கூட்டம்.

"சீட்டு இல்லாம எதுக்குடா குடுத்த? நாலு வருசமாக் கேக்கேன், ஒருநாள் எதுக்கு அத்தைன்னு கேட்டியா?"

"நீங்கதான கேட்டீங்க அத்தை. குடுக்கலேன்னா வைஞ்சீங்க."

"நான் கேட்டா குடுத்துருவியா? எனக்கு என்ன தெரியும்? நீ படிச்சவன்தான?"

கடைக்காரன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, மதினி கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனக்கு இரண்டு பேரையும் அறைய வேண்டும்போல் இருந்தது. மதினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டிலேயே சாப்பிட வைத்தேன். ரசமும் வாழைக்காய் வெஞ்சனமும். உப்புக் குறைவு என்றார்.

ஜூன் 2

சாயங்காலச் சொட்டு மருந்துக்கு இனி மதினி பொறுப்பு. அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். என் முன்னால் அலமாரியிலிருந்து எடுத்து, பெயரைக் காட்டி, நான் தலையசைத்தபிறகுதான் போடுகிறார். ஒவ்வொரு நாளும் இந்தச் சடங்கு. தலையசைத்து அசைத்துக் கழுத்து வலிக்கிறது. கண் ஓரளவு சிவப்பாகத்தான் இருக்கிறது. சிவந்திருந்தால் என்ன, உள்ளே நன்றாக இருந்தால் போதும் என்று ஈஸ்வரியிடம் மதினி விளக்கிக்கொண்டிருந்தார், ஏதோ மதினியே கண்டுபிடித்ததுபோல.

ஜூன் 14

அழுத்தம் இறங்கிவிட்டது. இடது கண் குழி அப்படியே நிற்கிறது, வளரவில்லை. போனது வராது என்றாலும் இருப்பது இருக்கும். அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கடுத்து ஆவணியில், பிறகு தீபாவளி கழித்து. அண்ணனிடம், இப்போதைக்கு வருவதற்கில்லை, நீ வேண்டுமானால் குடும்பத்தோடு இங்கே வா என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஊர்ப் பிள்ளைகளோடு சைக்கிள் விட வேண்டுமாம். வெயில் இன்னும் தாழவில்லை. வாசலைத் தாண்டிவிட்டாள்.

"கனி, தொப்பி," என்றேன். காதில் விழாததுபோல் நின்றாள். "மருந்து போட்டுட்டுப் போ. கண்ணாடி எங்க?"

சைக்கிளைப் பொத்தென்று போட்டாள். "எப்பப் பாத்தாலும் கண்ணு, கண்ணு, கண்ணு. உனக்கு வேற வேலையே கெடையாதா? யார் வீட்டுலயும் இப்படிப் பண்ணல. நீ மட்டுந்தான் இப்படி. போ, நான் போட மாட்டேன்."

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். இத்தனை மாதமும் 'சரிங்க, வேணாங்க' என்று விருந்தாளியிடம் பேசுவதுபோல் என்னிடம் பேசிக்கொண்டிருந்த பெண்.

இவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "கனிஷ்கா. பெரியவங்கள நீ வா போன்னா பேசுறது? மரியாதையா 'நீங்க'ன்னு சொல்லு."

பேச வேண்டிய இடத்திலெல்லாம் காபி குடித்துக்கொண்டிருந்த மனிதர். வாயைத் திறக்க நேரம் பார்த்தாரே.

"நீங்க உள்ள போங்க," என்றேன். "அவ என்கிட்டதான பேசுறா."

இவர் ஒன்றும் புரியாமல் உள்ளே போனார். நான் அவளைப் பிடித்து நிறுத்தி, நன்றாக வைதேன். மோவாயை நிமிர்த்தி இரண்டு கண்ணிலும் மருந்து விட்டேன்.

"மெதுவா விடேன், எரியுது," என்றாள்.

"எரியட்டும்," என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள், தொப்பியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பிடிவாதத்துக்கு அளவே இல்லை. அடுப்பில் உலை கொதிக்கிறது. இறக்கிவைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்வர வேண்டும்.